ஒரு ஏக்கர் கொழுந்தும் ஒரு பாலிசியும்

எங்கள் வீட்டு மேசை இழுப்பறையில் ஒரு தாள் இருக்கிறது. 2024 அக்டோபரில் எங்கள் குடும்ப மருத்துவக் காப்பீட்டைப் புதுப்பிக்க வந்த ஏஜெண்ட் அண்ணன் கொண்டுவந்த தாள். அதில் ஐந்து பெயர்கள் அச்சாகியிருக்கின்றன. என் கணவர், நான், மகள், மகன், கடைசியாக அம்மா. அம்மாவின் பெயர் மேல் பென்சிலால் ஒரு கோடு. அச்சில் இருக்கும் தொகை 47,200. ஓரத்தில் அதே பென்சிலால் எழுதிய தொகை 21,240. அழுத்தி இழுத்த கோடு இல்லை. விடைத்தாள் திருத்தும்போது சந்தேகமான விடைக்குக் கீழே நாங்கள் ஆசிரியர்கள் போடுவோமே, அப்படி மெல்லிய கோடு. ரப்பரால் தேய்த்தால் போய்விடும். தேய்க்க எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நான் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த சில நிமிடங்கள் ஓர் ஆண்டுக்கு மேலாகியும் என்னை விடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கோத்தகிரியிலிருந்து அரவேணு போகும் வழியில் எங்கள் வீடு. வீட்டைச் சுற்றி நாற்பது சென்ட், மேலே சரிவில் ஒரு ஏக்கர், இரண்டிலும் தேயிலை. மேல்தோட்டம் என்றுதான் அதைச் சொல்வோம். இரண்டும் அம்மாவின் பெயரில் இருப்பவை. அப்பா இறந்த பிறகு கவாத்து வெட்டுவது முதல் உரம் போடுவது வரை அம்மாதான் பார்த்துக்கொள்கிறார். நான் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியை. கணவர் பிக்கப் வண்டி வைத்து, தோட்டங்களிலிருந்து தொழிற்சாலைக்குக் கொழுந்து ஏற்றுகிறார். சம்பளம் வருகிறது, வாடகை வருகிறது, மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. நீலகிரியில் பாதிக் குடும்பங்களின் கதை இதுதான் என்பதால் இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை

அரசுத் திட்டம் இருக்கும்போது தனியார் பாலிசி எதற்கு என்று பலர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. 2009இல் கலைஞர் பெயரில் தொடங்கி, 2012 ஜனவரியிலிருந்து முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடக்கும் திட்டம் இப்போது குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. என் பள்ளியில் ஆயாவாக வேலை பார்க்கும் அக்காவின் கணவருக்கு அந்த அட்டையில்தான் இருதய அறுவைச் சிகிச்சை நடந்தது. ஒரு ரூபாய் கேட்கவில்லை. அந்தத் திட்டத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அதில் சேரக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முன்பு 72,000ஆக இருந்ததை உயர்த்தி இவ்வளவு ஆக்கியிருக்கிறார்கள். மாதத்துக்குக் கணக்குப் போட்டால் 10,000 ரூபாய். நானும் கணவரும் சேர்ந்து சம்பாதிப்பது அதைத் தாண்டிவிடுகிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் பொய் சொல்லிச் சான்றிதழ் வாங்குகிறவர்கள் உண்டு. அம்மா அதற்கு ஒப்பவே மாட்டார்.

அரசு ஊழியர்களுக்கென்று தனித் திட்டம் இருக்கிறது. தொழிற்சாலைத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறது. ஏழைக்கு முதலமைச்சர் அட்டை இருக்கிறது. நடுவில் நிற்கிறவர்களுக்கு ஒன்றுமில்லை. 2021 அக்டோபரில் மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கை இந்த நடுக்கூட்டத்தைக் குறைந்தது நாட்டு மக்களில் 30 சதவீதம், ஏறத்தாழ 40 கோடிப் பேர் என்று கணக்கிட்டது. சிறு வணிகர், சொந்தமாக வண்டி ஓட்டுகிறவர், சிறு நிலக்காரர், தனியார் பள்ளி ஆசிரியர் என்று அதில் வரும் ஆட்களை வரிசைப்படுத்தினால் எங்கள் தெருவை அப்படியே படம் எடுத்ததுபோல் இருக்கும்.

அதனால் 2016இல் பாலிசி எடுத்தோம். குடும்பம் முழுவதற்கும் சேர்த்து 5 லட்சம். முதல் பிரீமியம் 12,500, அன்றைய சேவை வரி 15 சதவீதம் சேர்த்து 14,375 ரூபாய். பணம் கொடுத்தது அம்மா. அந்த மாதக் கொழுந்துப் பணத்தை அப்படியே எடுத்துக் கொடுத்தார். அது பழக்கமாகிவிட்டது. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் வரும் கொழுந்துப் பணம் பாலிசிக்கு. ரசீதை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவைப்பார். 2017இல் வரி 18 சதவீதமானது. இரண்டு ஆண்டு 14,750இல் நின்றது, பிறகு 16,520, பிறகு 18,880. கொரோனாவுக்குப் பின் 2021இல் 23,600 ஆனது. 2022இல் 25,960, 2023இல் 31,860. ஒவ்வொரு முறையும் நாங்கள் முணுமுணுத்தோம், கட்டினோம்.

மலையிறங்கிய இரவு

அந்தப் பாலிசி ஒருமுறை எங்களைக் காப்பாற்றியிருக்கிறது. அதைச் சொல்லாமல் மற்றதை மட்டும் சொன்னால் நேர்மையாக இருக்காது.

2022 பிப்ரவரியில், உறைபனி விழுந்த ஒரு காலையில், மேல்தோட்டத்துப் படிக்கட்டில் அம்மா வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது. கோத்தகிரியில் முதலுதவி செய்து, வலிக்கு ஊசி போட்டு, கோவைக்குப் போகச் சொன்னார்கள். மலைப்பாதையில் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி, அங்கிருந்து கோவை. மொத்தம் சுமார் 70 கிலோமீட்டர். சமவெளியில் இருப்பவர்களுக்கு அது ஒரு தூரமே இல்லை. முறிந்த எலும்போடு ஒவ்வொரு வளைவிலும் ஆம்புலன்ஸ் சாயும்போது அம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடி எனக்கு நினைவிருக்கிறது. நான்கு விரல் தடமும் மறுநாள் வரை இருந்தது. மழைக்காலமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த நேரத்திலும் நினைத்தேன். 2009 நவம்பரில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது பாதைகள் துண்டித்துக் கிடந்ததைப் பார்த்தவள் நான். பாலிசிப் புத்தகத்தில் ரொக்கமில்லா சிகிச்சை தரும் மருத்துவமனைகளின் பட்டியல் பக்கம் பக்கமாக வரும். எங்களுக்கு உதவக்கூடியவை எல்லாம் மலைக்குக் கீழேதான் இருந்தன.

அறுவைச் சிகிச்சை நன்றாக நடந்தது. ஆறு நாள் இருந்தோம். ஏழாம் நாள் காலை பத்து மணிக்கு டாக்டர் போகலாம் என்றார். இன்சூரன்ஸ் நிறுவனத்தின் ஒப்புதல் வரும்போது இரவு எட்டு மணி. (டிஸ்சார்ஜ் ஒப்புதலை மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதி கொண்டுவந்தது 2024இல்தான்.) பில் 2,10,000 ரூபாய். நிறுவனம் ஏற்றுக்கொண்டது 1,56,000. மீதி 54,000 எங்கள் தலையில். ஏன் என்று கேட்டபோது ஒரு பெண் பொறுமையாக விளக்கினார். எங்கள் பாலிசியில் அறை வாடகை நாளுக்கு 5,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. அன்று காலியாக இருந்தது 7,500 ரூபாய் அறை. வாடகையில் கூடுதலாக இருக்கும் 2,500ஐ மட்டும் நாங்கள் கொடுத்தால் போதும் என்று நினைத்திருந்தோம். அப்படி இல்லையாம். வாடகையில் எந்த விகிதம் மீறுகிறதோ, அதே விகிதத்தை அறுவை டாக்டர் கட்டணத்திலும், அறுவை அரங்கக் கட்டணத்திலும், செவிலியர் கட்டணத்திலும் வெட்டுவார்களாம். மூன்றில் ஒரு பங்கு போயிற்று. மருந்துக்கும் உள்ளே வைத்த கம்பிக்கும் அந்த வெட்டு இல்லை. ஆனால் கையுறை முதலான பொருள்களுக்குத் தனியாக 9,000 கழிந்தது. காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் சென்னையில் இருக்கிறது, நிறுவனம் மறுத்த ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் முறையிடலாம் என்றெல்லாம் பிறகு தெரிந்துகொண்டேன். எங்கள் விஷயத்தில் முறையிட ஒன்றுமில்லை. வாடகை விதி பாலிசியிலேயே அச்சாகியிருந்தது. ஆறு ஆண்டுகளில் அந்தப் பக்கத்தை நாங்கள் யாருமே வாசிக்கவில்லை.

இருந்தாலும் அந்த 1,56,000 இல்லாவிட்டால் நகையை அடகு வைத்திருப்போம், அல்லது கீழ்த்தோட்டத்தைக் கொடுத்திருப்போம். அம்மா ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்த அன்று நான் அந்தப் பாலிசியை மனதாரக் கும்பிட்டேன். நான்கு மாதத்தில் அவர் மறுபடியும் மேல்தோட்டத்துக்கு ஏறினார், மெதுவாக, பக்கச் சரிவில் கை ஊன்றி.

பென்சில் கோடு

2024 அக்டோபரில் வந்த அறிவிப்பில் 40,000 ரூபாய் பிரீமியம், 7,200 ரூபாய் வரி என்று இருந்தது. ஒரே ஆண்டில் 31,860இலிருந்து 47,200. அச்சுப்பிழை என்றே நினைத்தேன். ஏஜெண்ட் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வந்தார். அவர் எங்களுக்கு அந்நியர் இல்லை. அப்பாவின் ஆயுள் காப்பீட்டுப் பணத்தை அலைந்து வாங்கித் தந்தவர். அம்மா கோவையில் இருந்தபோது தினமும் போன் செய்தவர். அம்மாவைப் பெரியம்மா என்றும் என்னை டீச்சர் என்றும் கூப்பிடுவார்.

விஷயம் எளிது என்றார். குடும்ப பாலிசியில் பிரீமியத்தைத் தீர்மானிப்பது குடும்பத்தில் மூத்தவரின் வயது. அம்மாவுக்கு 66 ஆகிவிட்டது. 61 முதல் 65 வரை ஒரு படி, 66இலிருந்து அடுத்த படி. படி மாறியதும் கட்டணமும் ஏறிவிடும். அதோடு நிறுவனம் பொதுவாகவே விலையை உயர்த்தியிருக்கிறது. "அம்மாவை எடுத்துவிட்டால் மூத்தவர் உங்கள் வீட்டுக்காரர்தான். 44 வயது. பிரீமியம் பாதிக்கும் கீழே வந்துவிடும்" என்றார். சொல்லிக்கொண்டே பென்சிலை எடுத்துக் கோடு போட்டார். ஓரத்தில் 21,240 என்று எழுதினார். அவர் குரலில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. எங்களுக்கு 25,960 ரூபாய் மிச்சப்படுத்தித் தருகிறோம் என்ற அக்கறைதான் இருந்தது. அம்மாவுக்குத் தனியாக மூத்த குடிமக்கள் பாலிசி எடுக்கலாம் என்றார். அது 3 லட்சத்துக்குத்தான் கிடைக்கும், ஒவ்வொரு பில்லிலும் ஐந்தில் ஒரு பங்கு நாங்கள் போட வேண்டும், பிரீமியம் கிட்டத்தட்ட 24,000, வரி தனி. கூட்டினால் பழைய இடத்துக்கே வந்து நிற்கிறது. அதாவது மிச்சம் என்பது அம்மாவுக்கு ஒன்றுமே எடுக்காமல் விட்டால்தான் மிச்சம். கணக்கு டீச்சருக்கு இது உடனே புரிந்தது.

புரிந்தும் நான் பேசவில்லை. கணவர் என் முகத்தைப் பார்த்தார். அவரும் பேசவில்லை. வண்டிக்கு நான்கு டயரும் மாற்ற வேண்டிய மாதம் அது. மகளுக்குப் பத்தாம் வகுப்பு, மாலை வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டும். 25,960 என்ற எண் என் தலைக்குள் ஒவ்வொன்றாகப் பிரிந்து டயராகவும் கட்டணமாகவும் மாறிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சைதான் முடிந்துவிட்டதே, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருகிறதே, இனி பெரிதாக என்ன வந்துவிடப் போகிறது என்று ஒரு குரல் எனக்குள் சொன்னது. அது என் குரல்தான். வேறு யார் மேலும் அதைப் போட முடியாது.

அம்மா தேநீர் கொண்டுவந்தார். அண்ணன் சட்டென்று கால்குலேட்டரைத் தாளின் மேல் நகர்த்தி வைத்தார். கால்குலேட்டர் சிறியது, கோடு நீளம். அம்மா தம்ளர்களை வைத்துவிட்டு, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"யார் பெயரைத் தம்பி அடித்திருக்கிறாய்?"

அண்ணன் விளக்கத் தொடங்கினார். அம்மா முழுவதும் கேட்டார். பிறகு உள்ளே போனார். அழப் போகிறார் என்று நினைத்து நான் எழுந்தேன். அவர் பிஸ்கட் டப்பாவோடு திரும்பி வந்தார். மூடி துருப்பிடித்து இறுகியிருந்தது. கரண்டிக் காம்பை நுழைத்து நெம்பினார். உள்ளே எட்டு ரசீதுகள், ஆண்டு வரிசையில், ஒவ்வொன்றும் நான்காக மடித்து. அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து, மடிப்பை உள்ளங்கையால் தேய்த்து, மேசையில் அடுக்கினார். கொழுந்துக் கறை ஏறிய அந்த விரல்கள் தாளை நீவிய விதம் எனக்கு அப்படியே கண்ணில் நிற்கிறது. தோட்டத்தில் கூடையிலிருந்து முற்றிய இலையைப் பொறுக்கி எடுப்பாரே, அதே நிதானம்.

"கூட்டிச் சொல்" என்றார். அண்ணன் கூட்டினார். 1,60,695.

"பெரியம்மா, ஆபரேஷனுக்கு 1,56,000 வந்ததே" என்று மெல்லச் சொன்னார்.

"வந்தது. நான் இல்லை என்று சொல்லவில்லை. மீதி 4,695 அவர்களிடம்தான் இருக்கிறது. எட்டு வருஷத்தில் அந்தக் கம்பெனி என்னால் நஷ்டப்படவில்லை. பிறகு எதற்கு என் பெயரை அடிக்க வேண்டும்?"

யாரும் பதில் சொல்லவில்லை. காப்பீடு என்பது அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லை, உங்களுக்கு வராத நோய்க்கான பணம் வேறு யாருக்கோ போகிறது, அதுதான் அதன் அடிப்படை என்று நான் வகுப்பில் என்றால் சொல்லியிருப்பேன். அங்கே சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அதே அடிப்படைதான் அம்மாவின் பக்கமும் இருந்தது. இளையவர் மூத்தவருக்காகவும், திடமானவர் நோயாளிக்காகவும் கொடுப்பதுதான் காப்பீடு என்றால், மூத்தவர் வந்ததும் எதற்கு அவரைத் தனியாக நிறுத்தி விலை சொல்கிறார்கள்?

அம்மா அடுத்த கேள்வி கேட்டார். "இப்போது கொழுந்து விலை என்ன?" கணவர் சொன்னார், "கிலோ 20 ரூபாய் அத்தை." பறிகூலி, உரம், மருந்து, வண்டிச் செலவு போனால் கையில் 11 ரூபாய் நிற்கும். 47,200ஐ 11ஆல் வகுத்தால் 4,290 கிலோ. மேல்தோட்டத்தில் நல்ல மழை பெய்த ஆண்டில் கிடைக்கும் கொழுந்து அவ்வளவுதான். ஒரு ஏக்கர், ஓர் ஆண்டு, பன்னிரண்டு மாதச் சுற்று, எல்லாம் இந்த ஒரு தாளுக்கு. 2016இல் ஒரு மாதக் கொழுந்துப் பணத்தில் முடிந்த காரியம்.

"மேல்தோட்டம் என் பெயரில் இருக்கிறது. கட்டு" என்றார் அம்மா. என்னைப் பார்க்காமல் சொன்னார். அதுதான் எனக்கு வலிக்கிறது. அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

டயரை அடுத்த ஆண்டுக்குத் தள்ளினோம். திருப்பூரில் இருக்கும் தம்பி 10,000 அனுப்பினான்.

யார் போட்ட கோடு

பிறகு நான் நிறையத் தேடி வாசித்தேன். நம் நாட்டில் மெடிகிளைம் என்ற பெயரில் தனிநபர் மருத்துவக் காப்பீடு வந்தது 1986இல், நான்கு அரசு நிறுவனங்கள் வழியாக. இன்று டஜன் கணக்கில் தனியார் நிறுவனங்கள். போட்டி வந்தால் விலை இறங்கும் என்பார்கள். இங்கே இறங்கவில்லை. காரணம் ஒன்று மட்டும் இல்லை. மருத்துவமனைக் கட்டணம் ஏறுகிறது, அதைக் காட்டி பிரீமியம் ஏறுகிறது, இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று வாசலிலேயே கேட்டுவிட்டுப் போடும் பில் இன்னும் ஏறுகிறது. பிரீமியம் ஏறினால் திடமாக இருக்கும் இளையவர் கட்டாமல் விடுகிறார். நோயுள்ளவர்களும் வயதானவர்களும் மட்டும் மிஞ்சுகிறார்கள். அதனால் மறுபடியும் ஏறுகிறது. முதலமைச்சர் திட்டத்தில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று தொகுப்புக் கட்டணம் இருக்கிறது. அதே மருத்துவமனையில், அதே அறுவைச் சிகிச்சைக்கு, தனியார் பாலிசிக்காரரிடம் வாங்க அப்படி ஓர் உச்சவரம்பு கிடையாது. அரசால் முடியாதது என்று இதைச் சொல்ல முடியாது. 2017இல் இருதயத்துக்கு வைக்கும் ஸ்டென்ட் விலைக்கும், அதே ஆண்டு முழங்கால் மூட்டு மாற்றுக் கருவி விலைக்கும் உச்சவரம்பு போட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

ஒழுங்குமுறை ஆணையம் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் தவறாகிவிடும். புதிதாகப் பாலிசி எடுக்க 65 வயது வரைக்கும்தான் நிறுவனங்கள் கட்டாயம் இடம் தர வேண்டும் என்றிருந்ததை, 2024இல் எல்லா வயதினருக்கும் என்று மாற்றினார்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் நான்கு ஆண்டு என்றிருந்ததை மூன்றாகக் குறைத்தார்கள். 2025 ஜனவரியில், 60 வயதைக் கடந்தவர்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்துவதானால் ஆணையத்தைக் கலந்துகொள்ள வேண்டும் என்று உத்தரவிட்டார்கள். எங்களுக்கு அது மூன்று மாதம் தாமதமாக வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்றானது. அன்று இரவு கணவர் கணக்குப் போட்டு, இந்த முறை 40,000தான் என்று மகிழ்ந்தார். அக்டோபரில் வந்த அறிவிப்பில் 43,800 என்று இருந்தது. வரி போன இடத்தில் பாதியை விலை வந்து நிரப்பிவிட்டது. முந்தைய ஆண்டைவிடக் குறைவுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் வயதானவருக்குக் கதவைத் திறந்துவிட்டு, வாசற்படியை இடுப்பளவு உயர்த்தி வைத்தால் அவர் எப்படி உள்ளே வருவார்?

கோடு போட்டது ஏஜெண்ட் அண்ணன் என்று நான் நினைக்கவில்லை. மூத்தவரின் வயதை வைத்துக் குடும்பம் முழுவதற்கும் விலை சொல்லும் அந்த அட்டவணை, வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து, உங்களில் யார் அதிகச் செலவு என்று கேட்கிறது. பதில் எல்லா வீட்டிலும் ஒன்றேதான். அம்மா, அல்லது அப்பா, அல்லது பாட்டி. எங்கள் பள்ளியின் ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது, ஒன்பது பேரில் நான்கு பேர் ஏற்கெனவே பெற்றோரின் பெயரை எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். ஒருவர் தன் தந்தையிடம் அதை இன்னும் சொல்லவே இல்லை. இன்சூரன்ஸ் இருக்கிறது என்ற நம்பிக்கையில் அவர் தினமும் மார்க்கெட் வரை நடந்து போய் வருகிறார்.

கூடலூரில் வேறொரு கணக்கு

இதே மாவட்டத்தில், மலையின் அந்தப் பக்கம், வேறு மாதிரி யோசித்தவர்கள் இருக்கிறார்கள். கூடலூர்ப் பகுதியில் பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், இருளர் மக்கள் தங்கள் ஆதிவாசி முன்னேற்றச் சங்கத்தின் வழியாக ஒன்றுசேர்ந்தார்கள். 1990களின் தொடக்கத்தில் அவர்களுக்கென்று ஒரு மருத்துவமனை வந்தது. அதோடு சேர்ந்து ஒரு குழுக் காப்பீடும் வந்தது. ஒவ்வொருவரும் ஆண்டுக்குச் சிறு தொகை போடுவார்கள். சங்கம் மொத்தமாக நின்று இன்சூரன்ஸ் நிறுவனத்தோடு பேசும். சிகிச்சை தங்கள் மருத்துவமனையிலேயே. ஊருக்குள் சென்று கவனிக்கச் சுகாதாரப் பணியாளர்களும் அந்த மக்களிலிருந்தே. கையில் ரொக்கம் புழங்காத மக்கள் செய்த காரியம் இது. பணம் கொடுப்பவர், மருத்துவம் பார்ப்பவர், நோயாளி மூவரும் ஒருவரையொருவர் முகம் தெரிந்தவர்கள். எங்களைப் போலத் தனித்தனி வீட்டில் தனித்தனி ஏஜெண்டோடு உட்கார்ந்து பேரம் பேசி அவர்கள் இதைச் சாதிக்கவில்லை.

அதை அப்படியே கோத்தகிரியில் நட முடியும் என்று நான் நம்பவில்லை. ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். 1,20,000 என்ற வருமானக் கோட்டுக்கு மேலே நிற்கும் எங்களையும் முதலமைச்சர் திட்டத்தில் சேரவிட வேண்டும், இலவசமாக இல்லை, வருமானத்துக்கு ஏற்ற பங்கு வாங்கிக்கொண்டு. ஆண்டுக்கு 47,200 கட்டத் துணிந்தவர்கள் 15,000 கட்டத் தயங்க மாட்டோம். அரசு நிர்ணயித்த தொகுப்புக் கட்டணம் எங்களுக்கும் பொருந்தும். இளையவர், மூத்தவர், திடமானவர், நோயாளி எல்லாரும் ஒரே குடத்தில் பணம் போடுவோம். நடுவில் நிற்கிறவர்களைக் காசு வாங்கிக்கொண்டு அரசுத் திட்டத்தில் சேர்க்கலாம் என்ற யோசனை அந்த 2021 அறிக்கையிலேயே இருக்கிறது.

இன்னொன்று, மலையில் மருத்துவமனை. 2025 ஏப்ரல் 6 அன்று உதகையில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டது. அந்த ஆகஸ்டில் அம்மாவைச் சர்க்கரைக்கான கண் பரிசோதனைக்கு அங்கே அழைத்துப் போனேன். காலை பஸ்ஸில் போய் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிட்டோம். திரும்பும் வழியில் கட்டபெட்டு தாண்டும்போது அம்மா சொன்னார், "அன்றைக்கு இது இருந்திருந்தால் உன் கையை அப்படிப் பிடித்திருக்க மாட்டேன்." என் மணிக்கட்டுத் தடத்தை நான் யாரிடமும் காட்டியதில்லை. அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பற்றி அவரிடம் பேச வேண்டும் என்று அன்று பஸ்ஸில்தான் துணிவு வந்தது. "அந்தத் தாளில் கோடு போட்டபோது நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும் அம்மா" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் இருந்தார். "நீ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாய். எனக்குத் தெரியும். உன் அப்பாவின் அம்மாவுக்கு மருந்து வாங்குவதா, உனக்குப் பள்ளிச் சீருடை வாங்குவதா என்று நானும் இப்படி உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறேன்" என்றார். எதை வாங்கினார் என்று சொல்லவில்லை. எனக்குச் சீருடை எந்த ஆண்டிலும் தவறியதில்லை.

43,800 ரூபாய் ரசீதைப் போன அக்டோபரில் அவரிடம் கொடுத்தேன். பத்தாவது ரசீது. நான்காக மடிக்கும்போது, "அடுத்த படி எந்த வயதில்?" என்று கேட்டார். 71 என்றேன். விரல்விட்டு எண்ணினார். 2029. மகள் கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கும் ஆண்டு, மகனுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு. மறுநாள் தபால் அலுவலகத்துக்குப் போய், கீழ்த்தோட்டத்துக் கொழுந்துப் பணத்திலிருந்து மாதம் 1,000 ரூபாய் போடும் தொடர் சேமிப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கிவிட்டு வந்தார். அந்தப் பாஸ்புத்தகம் இப்போது பிஸ்கட் டப்பாவில், ரசீதுகளுக்கு மேல் இருக்கிறது. டப்பா மூடி சரியாக மூட மாட்டேன் என்கிறது. புடவைக் கிழிசலில் ஒரு துண்டு எடுத்துச் சுற்றிக் கட்டி வைத்திருக்கிறார்.